ஸ்டீல் கிட்டார் ஆம்ப்பில் ஸ்பீக்கர் அளவை மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தந்திகளின் மேல் உலோகத் துண்டை நகர்த்தி, பெடலால் சுருதியை மாற்றி வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டார்காரர்கள் ஆம்ப்பைப் (ஒலியைப் பெருக்கும் பெட்டியை) பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரமே ஸ்பீக்கர் 15 அங்குலமா 12 அங்குலமா என்ற சண்டையில் போய் நிற்கும். ஒரு கட்சி 15 இல்லாமல் ஸ்டீல் இல்லை என்கிறது. தூக்கிச் சுமந்து முதுகு ஒடிந்த மறு கட்சி 12 போதும் என்கிறது. இரண்டு கட்சியும் அளவுக்குத் தகுதிக்கு மீறிய புகழைக் கொடுக்கின்றன என்பதே என் எண்ணம். அளவை மாற்றியதால் வந்தது என்று சொல்லப்படும் வித்தியாசத்தில் பெரும்பகுதி வேறு இடங்களிலிருந்து வருகிறது. எங்கிருந்து என்பதைத்தான் கீழே உள்ள பதில்கள் சொல்கின்றன.

ஸ்டீல் கிட்டாருக்கு 15 அங்குலம் என்ற வழக்கம் எப்படி வந்தது?

ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் இசைக்கருவித் தொழிலில் இறங்கிய காலத்தில் விற்றவை மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்களும் அவற்றுக்கான ஆம்ப்களும்தான். 1940களின் பின்பாதியில் வந்த ஃபெண்டர் புரோ ஆம்ப்பிலேயே 15 அங்குல ஸ்பீக்கர் இருந்தது. அதே காலத்தில் ஜேபிஎல் நிறுவனம் கொண்டுவந்த டி130 என்ற 15 அங்குல ஸ்பீக்கர் ஸ்டீல் வாசிப்பவர்களின் கனவுப் பொருளாக மாறியது. 4 அங்குல வாய்ஸ் காயில் (ஒலி எழுப்பும் கூம்பான கோனை அசைக்கும் கம்பிச்சுருள்), நடுவில் பளபளக்கும் அலுமினிய மூடி, சிறிய மின்சக்திக்கே பெரிய ஒலி. பின்னர் மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரிலுள்ள பீவி நிறுவனம் செஷன் 400, நேஷ்வில் 400 ஆகிய ஆம்ப்களை ஸ்டீல் கிட்டாருக்கென்றே செய்தது. நேஷ்வில் 400இல் இருந்த பிளாக் விடோ 1501-4 ஸ்பீக்கரும் 15 அங்குலம், 4 அங்குலக் காயில், அலுமினிய மூடி. ஆக, நம் காதில் ‘ஸ்டீல் ஒலி’ என்று பதிந்திருப்பது இந்த வகை 15 அங்குல ஸ்பீக்கர்களின் ஒலிதான். அந்த ஒலியில் அளவுக்கு எவ்வளவு பங்கு, காயிலுக்கும் மூடிக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க யாரும் அதிகம் மெனக்கெடவில்லை.

15 போட்டால் பாஸ் கூடும், 12 போட்டால் ட்ரெபிள் கூடும் என்கிறார்களே?

பாதி உண்மை. கோன் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று முதலில் பாருங்கள். 15 அங்குல ஸ்பீக்கரில் அசையும் பரப்பு ஏறத்தாழ 850 சதுர சென்டிமீட்டர். 12 அங்குலத்தில் ஏறத்தாழ 530. ஒரே தாழ்ந்த சுரத்தை ஒரே உரப்பில் ஒலிக்க 12 அங்குலக் கோன் ஒன்றரை மடங்குக்கு மேல் முன்பின் அசைய வேண்டும். அது முடியாத இடத்தில் ஒலி கலங்குகிறது. இதுவரை 15 கட்சி சொல்வது சரி.

ட்ரெபிள் விஷயத்தில்தான் குழப்பம். உயர்ந்த ஒலிகளைத் தீர்மானிப்பதில் கோனின் எடை, காயிலின் தன்மை, நடு மூடி எதனால் ஆனது என்பவைதான் முந்தி நிற்கின்றன. அலுமினிய மூடி வைத்த டி130, காகித மூடி வைத்த பல 12 அங்குல ஸ்பீக்கர்களைவிடக் கூர்மையாக ஒலிக்கும். அதைக் கேட்டவர்கள் ‘15 என்றால் மந்தம்’ என்று சொல்ல மாட்டார்கள்.

அளவால் நிச்சயமாக மாறுவது ஒலி பரவும் அகலம். கோனின் விட்டத்துக்குச் சமமான அலைநீளம் வரும்போது ஒலி ஒளிக்கற்றைபோலக் குவியத் தொடங்கும். 15 அங்குலத்துக்கு அது 1000 ஹெர்ட்ஸ் அருகில், 12 அங்குலத்துக்கு 1300 ஹெர்ட்ஸ் அருகில். வாசிப்பவர் ஆம்ப்புக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு மந்தமாகக் கேட்பது நேர் எதிரே நிற்பவருக்குக் காதைக் குத்தும். ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் ஆம்ப்பைக் கொஞ்சம் சாய்த்து உங்கள் காதை நோக்கித் திருப்பிப் பாருங்கள். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

நான் ஈ9 சுருதியில் மட்டும் வாசிக்கிறேன். எனக்கு 15 தேவையா?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். ஈ9 சுருதி அமைப்பில் பத்தாவது தந்தி பி சுரம், ஏறத்தாழ 123 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் அடித்தந்தியே 82 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. அதற்கு 12 அங்குல ஸ்பீக்கரை உலகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பிறகு ஈ9க்கு மட்டும் 12 போதாது என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு கழுத்துள்ள (இரண்டு தந்தி வரிசைகள் உள்ள) கருவியில் சி6 சுருதிக் கழுத்தையும் வாசிப்பவர் என்றால் கதை வேறு. அங்கே பத்தாவது தந்தி சி சுரம், 65 ஹெர்ட்ஸ். ஒன்பதாவது தந்தி எஃப் சுரம், 87 ஹெர்ட்ஸ். 123இலிருந்து 65க்கு இறங்கும்போது அதே உரப்பைத் தர கோன் ஏறத்தாழ மூன்றரை மடங்கு அசைய வேண்டும். தாழ்ந்த தந்திகளில் கனமான கூட்டுச்சுரங்கள் வாசிக்கும் பழக்கம் இருந்தால் 15ஐ விட்டுவிடாதீர்கள். பாஸ் கிட்டார்காரர் பக்கத்தில் இருக்கும் குழுவில் அந்தத் தாழ்ந்த பகுதியை நீங்கள் எப்படியும் அவருக்கே விட்டுக்கொடுப்பீர்கள் என்றால் 12 சமாளிக்கும்.

15 அங்குலப் பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கரை எப்படிப் பொருத்துவது?

இது எளிய வேலை. 15 அங்குலத்துக்கான துளை ஏறத்தாழ 14 அங்குல விட்டம். 12க்கு ஏறத்தாழ 11 அங்குலம். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெளிவிட்டம் 15 அங்குல ஸ்பீக்கரின் சட்டத்துக்குச் சமமாகவும் உள்ளே 11 அங்குலத் துளையுடனும் ஒரு வளையம் வெட்டி, பழைய திருகுத் துளைகளிலேயே முடுக்கிவிடலாம். துளையின் சரியான அளவை வாங்கிய ஸ்பீக்கரின் விவரத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் சில மில்லிமீட்டர் மாறும். வளையத்துக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் கரகரவென்ற சத்தம் வரும். அதைத் தேடி அலைவது பெரும் தொல்லை.

திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் சட்டம் வளைந்து காயில் உரசும். மரத்திருகு வேண்டாம், பலகையின் பின்புறம் பதிக்கும் டி-நட்டும் போல்ட்டும் வையுங்கள். ஸ்டீல் ஆம்ப்பின் அதிர்வில் மரத்திருகு தளரும்.

12 அங்குலப் பெட்டியில் 15ஐப் பொருத்த முடியுமா?

பெரும்பாலும் வேண்டாம் என்பதே பதில். பலகையில் இடமிருந்தாலும் ஆழத்தில் இடிக்கும். ஆம்ப்பின் சேஸிஸ் (மின்சுற்றுகள் உள்ள உலோகச் சட்டம்) மேலே தொங்கும், அடியில் ரிவர்ப் (எதிரொலி) பெட்டி கிடக்கும், நடுவில் 15 அங்குல ஸ்பீக்கரின் பெரிய காந்தம் வரும். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகள் வைத்த வால்வு ஆம்ப்களில் வால்வுகள் தலைகீழாகத் தொங்குகின்றன. காந்தத்துக்கும் வால்வுக்கும் நடுவே விரல் நுழையும் இடமாவது இருக்க வேண்டும். 

இவ்வளவு சிரமத்துக்குப் பிறகும் எதிர்பார்த்த பாஸ் வராது. காரணம் பெட்டி.

பெட்டிக்கு அவ்வளவு பங்கு உண்டா?

உண்டு, ஸ்பீக்கரின் அளவைவிடக் கூடுதல் பங்கு. பெரும்பாலான கிட்டார் ஆம்ப்களின் முதுகு திறந்திருக்கிறது. கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் பெட்டியைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சுற்றிவரும் தூரம் 60 சென்டிமீட்டர் என்றால் 300 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழேயிருந்தே தாழ்ந்த ஒலி சரியத் தொடங்கும். ஈ9இன் கீழ்த்தந்திகள் எல்லாம் அந்தச் சரிவில்தான் இருக்கின்றன. பெட்டியை மாற்றாமல் ஸ்பீக்கரை மட்டும் பெரிதாக்கினால் இந்தச் சரிவு அப்படியே இருக்கும்.

அதனால் பாஸ் போதவில்லை என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது: பின்பக்கத் திறப்பில் பாதியை ஒரு பலகையால் மூடிப் பாருங்கள். அட்டை வைத்துக்கூடச் சோதிக்கலாம். ஆம்ப்பைச் சுவரோரம் தள்ளிப் பாருங்கள், ஸ்டாண்டிலிருந்து இறக்கித் தரையில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கேட்கும். வால்வு ஆம்ப்பாக இருந்தால் வெப்பம் வெளியேற மேல்பகுதியைத் திறந்தே விடுங்கள்.

ஸ்பீக்கரின் குணமும் பெட்டிக்குப் பொருந்த வேண்டும். விவரத்தாளில் க்யூடிஎஸ் (Qts) என்று ஓர் எண் இருக்கும். 0.3க்கு அருகில் இருந்தால் அது காற்றுக் குழாய் வைத்த மூடிய பெட்டிகளுக்கு ஏற்றது. திறந்த முதுகில் பாஸ் மெலிந்து ஒலிக்கும். 0.6, 0.7 என்றிருந்தால் திறந்த பெட்டியில் நிறைவாக ஒலிக்கும். பாஸ் கிட்டாருக்கான 15 அங்குல ஸ்பீக்கரை ஆசையாக வாங்கிப் போட்டு, முன்பு இருந்த 12ஐவிட மெலிவாக ஒலிக்கிறதே என்று திகைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்காதவர்கள்.

ஃபெண்டரின் ட்வின் ரிவர்ப் ஆம்ப்பில் இரண்டு 12ஐ எடுத்துவிட்டு ஒரு 15 போடுவது நல்லதா?

ஃபெண்டர் நிறுவனமே செய்த வேலை இது. 1970களில் விற்ற வைப்ரோசோனிக் ரிவர்ப், ட்வின் ரிவர்ப்பின் சுற்றை ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கருடன் சேர்த்ததுதான். ஸ்டீல் வாசிப்பவர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள்.

கணக்குப் பார்த்தால் வேடிக்கை: இரண்டு 12 அங்குலக் கோன்களின் மொத்தப் பரப்பு 1060 சதுர சென்டிமீட்டர், ஒற்றை 15ஐவிடக் கூடுதல். பிறகு ஏன் 15இல் பாஸ் ஆழமாகக் கேட்கிறது? கிட்டாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர்களின் இயல்பான ஒத்ததிர்வு (கோன் தானாக எளிதில் அதிரும் அதிர்வெண்) 75 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். ஸ்டீலுக்கு ஏற்ற 15 அங்குலங்களில் 40 முதல் 60 வரை. அதற்குக் கீழே ஸ்பீக்கர் வேகமாக வலுவிழக்கும். எனவே இங்கேயும் வேலை செய்வது அளவைவிட ஒத்ததிர்வு எண்தான். தாழ்ந்த ஒத்ததிர்வும் வலுவான காயிலும் உள்ள இரண்டு 12களைப் போட்டாலும் ட்வின் அருமையான ஸ்டீல் ஆம்ப் ஆகும், பலகையைத் தொடவே வேண்டாம்.

15 போடத்தான் போகிறேன் என்பவர்கள் பழைய முன்பலகையை அறுக்காமல் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, புதுப் பலகை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். பழைய ட்வின்களின் மறுவிலை அசல் பாகங்களைப் பொறுத்தது.

ஓம் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்?

ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் வால்வு ஆம்ப்பும் இதில் நேர் எதிர் குணம் உடையவை. குழப்பிக்கொண்டால் செலவு வைக்கும்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் குறிப்பிட்ட ஓமுக்குக் கீழே போகக்கூடாது. நேஷ்வில் 400இல் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 210 வாட். அதில் 8 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் ஆம்ப்புக்கு எந்த ஆபத்தும் இல்லை. வாட் ஏறத்தாழ பாதியாகும். பாதி என்றதும் பயப்பட வேண்டாம், அது 3 டெசிபல் குறைவுதான். உரப்பு பாதியானது போலக் காதுக்குத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். ஆனால் 2 ஓம் சுமையை ஏற்றினால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

வால்வு ஆம்ப்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு குறிப்பிட்ட ஓமுக்காகச் சுற்றப்பட்டது. ட்வின் ரிவர்ப்பில் அது 4 ஓம், இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் இணையாக. ஒற்றை 15 போடுவதென்றால் 4 ஓம் வாங்குங்கள். 8 ஓம் போட்டாலும் ஃபெண்டரின் டிரான்ஸ்ஃபார்மர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனாலும் தெரிந்தே ஏன்? ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஒருபோதும் இயக்காதீர்கள். சோதனைக்காகக் கழற்றி வைத்துவிட்டு மறதியாக ஸ்விட்சைப் போடுவதுதான் டிரான்ஸ்ஃபார்மர் எரிவதற்கு வழக்கமான வழி.

12க்கு மாறினால் சத்தம் குறைந்துவிடுமா?

விவரத்தாளில் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் என்று போட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள். 97 டெசிபல் ஸ்பீக்கரிலிருந்து 100 டெசிபல் ஸ்பீக்கருக்கு மாறுவது ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். 100 டெசிபல் தரும் 12 அங்குலம், 97 தரும் 15 அங்குலத்தைத் தோற்கடிக்கும். மாற்றிய அன்று மேலும் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வதற்கு இந்த எண்தான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். சற்று உரக்கக் கேட்பதெல்லாம் காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். இரண்டையும் ஒரே உரப்பில் வைத்து ஒப்பிட்டவர்கள் மிகக் குறைவு.

எத்தனை வாட் தாங்கும் ஸ்பீக்கர் வாங்க வேண்டும்?

ஆம்ப்பின் வாட்டைவிடக் கூடுதலாக. ஸ்டீல் வாசிப்பில் மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டி, அவற்றில் ஒன்றையோ இரண்டையோ பெடலால் உயர்த்துகிறோம். ஒலி சிறிது உடைந்தாலும் அந்தச் சுரங்கள் ஒன்றோடொன்று மோதி இல்லாத சுரங்கள் கிளம்பும். ராக் கிட்டார்காரர்கள் விரும்பும் உடைந்த ஒலி இங்கே விஷம். அதனால்தான் பல ஸ்டீல் ஆம்ப்கள் 200 வாட்டும் அதற்கு மேலும் வருகின்றன. மீட்டும் நொடியின் உச்சம் சராசரியைவிடப் பல மடங்கு. 30, 50 வாட் தாங்கும் சாதாரண கிட்டார் ஸ்பீக்கரை நேஷ்வில் 400இல் பொருத்தினால் காயில் கருகும்.

எமினென்ஸ் நிறுவனத்தின் ஈபிஎஸ் வரிசை பெடல் ஸ்டீலுக்கென்றே செய்யப்பட்டது. 12, 15 இரண்டு அளவிலும் உண்டு. அளவை மாற்ற நினைப்பவர்கள் அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

எடையைக் குறைக்கத்தான் 12க்கு மாற நினைக்கிறேன். சரியா?

நேர்மையான காரணம். ஆனால் ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் மிச்சமாவது இரண்டு, மூன்று கிலோவாக இருக்கலாம்; பெட்டியும் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் அப்படியேதான் இருக்கும். 15ஐ வைத்துக்கொண்டே எடை குறைக்க நியோடிமியம் காந்த ஸ்பீக்கர் நல்ல வழி. சாதாரண ஃபெரைட் காந்தத்தில் பாதி எடையில்கூடக் கிடைக்கிறது. விலை கூடுதல். உண்மையிலேயே சுமை குறைய வேண்டுமென்றால் பீவி நேஷ்வில் 112 மாதிரி முதலிலிருந்தே 12 அங்குலத்துக்காக வடிவமைத்த 80 வாட் ஆம்ப்பைப் பாருங்கள். ஈ9 வாசிப்பவர்கள் அதை மேடைகளில் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

10 அங்குலம்?

வீட்டில் பயிற்சிக்குப் போதும்.

பழைய ஜேபிஎல் டி130 கிடைத்தால் வாங்கிப் போடலாமா?

ஒலி அருமையாக இருக்கும், ஆனால் 200 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் வேண்டாம். அது குறைந்த வாட் காலத்துப் பொருள். பின்னர் வந்த கே130, இ130 கூடுதல் சக்தியைத் தாங்கும். டி, கே இரண்டும் அல்நிக்கோ காந்தம், இ வரிசை ஃபெரைட். அல்நிக்கோ காந்தம் கடும் உழைப்பில் வலுவிழக்கக்கூடியது. கோன் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அசல் பாகங்கள் அல்லாமல் மாற்றிய கோனில் ஜேபிஎல் என்பது சட்டத்தில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு விஷயம். பழைய ஜேபிஎல்களில் சிவப்பு முனைக்குப் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். மற்ற நிறுவனங்களில் வெளியே வரும். ஒற்றை ஸ்பீக்கர் என்றால் இது பெரிதில்லை. வேறு நிறுவன ஸ்பீக்கரோடு சேர்த்து இணைத்தால் ஒன்று தள்ள மற்றொன்று இழுத்து பாஸ் மாயமாகும். ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டுக் கோன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

12 அங்குல ஆம்ப்போடு வெளியில் 15 அங்குலப் பெட்டி ஒன்றைச் சேர்க்கலாமா?

உள்ளே அறுக்காமல் பெரிய ஒலி பெற இதுவே எனக்குப் பிடித்த வழி. ஆம்ப்பில் வெளி ஸ்பீக்கருக்கான இணைப்பு இருக்க வேண்டும்; இரண்டு 8 ஓம் இணையாகச் சேர்ந்தால் 4 ஓம், அதை ஆம்ப் ஏற்கிறதா என்று பின்பலகையில் படித்துவிட்டு இணையுங்கள். சி6 வாசிக்கும் நாளில் மட்டும் பெட்டியை எடுத்துச் செல்லலாம்.

மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டாருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஆறு தந்தி சி6 சுருதியில் அடித்தந்தி வழக்கமாக 130 ஹெர்ட்ஸ் சி. 12 அங்குலம் தாராளம். வால்யூம் பெடலும் உச்சகட்டத் தெளிவும் தேவைப்படாத வாசிப்பு என்றால் சாதாரண கிட்டார் ஆம்ப்பிலேயே நல்ல ஒலி வரும்.

புது ஸ்பீக்கர் பழகப் பழக ஒலி மாறுமா?

முதல் சில மணி நேரங்களில் கோனின் விளிம்பும் உள் தாங்கியும் சற்றுத் தளர்ந்து ஒத்ததிர்வு கொஞ்சம் இறங்கும். அதற்குப் பிறகு பழகுவது காதுதான்.

செலவு செய்வதற்கு முன் முயல வேண்டியது ஏதாவது உண்டா?

நடுத்தர ஒலியைத் தொடுங்கள். பெடல் ஸ்டீலின் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் பாகம்) 800 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் மூக்கால் பேசுவதுபோல ஒலிக்கும். நேஷ்வில் 400இல் நடுத்தர ஒலிக்கு எந்த அதிர்வெண் என்று தேர்ந்தெடுக்கும் குமிழும், அதைக் கூட்டவும் குறைக்கவும் தனிக் குமிழும் உள்ளன. அதிர்வெண்ணை 800இல் வைத்து, மற்றதைப் பாதிக்குக் கீழே இறக்கிப் பாருங்கள். ஸ்பீக்கர் மாற்ற வந்தவர்களில் பலர் கேட்ட ஒலி இதிலேயே கிடைத்துவிடுகிறது. உங்கள் ஆம்ப்பில் அந்த வசதி இல்லையென்றால் ஒரு பாராமெட்ரிக் ஈக்வலைசர் பெடல் வாங்குங்கள். ஸ்பீக்கரைவிட மலிவு, பிடிக்காவிட்டால் விற்பதும் எளிது. பிறகு பின்பலகை, ஆம்ப்பை வைக்கும் இடம். அதற்கும் பிறகு அதே அளவில் வேறு ஸ்பீக்கர். முடிந்தால் நண்பரிடம் இரவல் வாங்கி, ஆம்ப்பின் கம்பியை அதன் பெட்டிக்கு மாற்றிக் கேளுங்கள். இவை எல்லாம் ஆன பிறகும் சி6இன் பத்தாவது தந்தி தொளதொளவென்று ஒலிக்கிறது என்றால் அறுக்கும் ரம்பத்தை எடுக்கலாம்.